கடுங்குளிரில் அணுக்கள்

மார்கழி விடியலில் குளத்தில் இறங்கி நடுங்குகின்ற ஒருவன், குளிர் என்பது தனியே ஒரு பொருள் என்றே எண்ணுவான். அது நீரிலிருந்து தன் உடலுக்குள் புகுவதாகவும் கருதுவான். பௌதிக நூலார் கருத்து இதற்கு மாறானது. குளிர் என ஒரு பொருள் இல்லை. உடலிலிருந்து வெப்பம் வெளியேறுவதையே மக்கள் குளிர் என்று சொல்கின்றனர். வெப்பமாவது, பொருள்களை ஆக்கியுள்ள அணுக்களின் ஓயாத அசைவு. காற்றில் அவை பறக்கின்றன, நீரில் புரள்கின்றன, கல்லிலும் இரும்பிலும் நின்ற இடத்திலேயே நின்று அதிர்கின்றன. அசைவு மிகுந்தால் சூடு, குறைந்தால் குளிர்.

அசைவு குறைந்துகொண்டே போனால் முடிவில் ஓர் அடித்தளம் வந்தே தீரும். நீர் உறையும் நிலைக்குக் கீழே 273.15 டிகிரி சென்டிகிரேடு அளவில் அந்த அடித்தளம் இருக்கிறது. அங்கே அணுக்களின் அசைவு, இயற்கை இடந்தரும் மிகச் சிறிய அளவுக்குச் சுருங்கிவிடும். அதனைத் தனிச்சுழி என்பர். தனிச்சுழியிலிருந்து எண்ணத் தொடங்கும் அளவைக்குக் கெல்வின் அளவை என்று பெயர். அவ்வளவைப்படி, நாள்தோறும் நாம் வாழும் அறையின் வெப்பம் ஏறத்தாழ 300 கெல்வின். ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்பார் 1908-இல் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார், அது 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவம். விண்மீன்களுக்கு இடையே உள்ள இருண்ட வெளியிலும் 2.7 கெல்வின் அளவுக்குப் பழைய கதிர்வீச்சின் வெப்பம் எஞ்சி நிற்கிறது. இன்றைய ஆய்வுக்கூடங்களிலோ, ஒரு கெல்வினை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் கூறுகளுள் சிலவே எஞ்சும் அளவுக்கு அணுக்களைக் குளிர்விக்கின்றனர். அந்த ஒரு கூற்றினை நானோகெல்வின் என்பர். விண்வெளியே சூடானது என்று சொல்லத்தக்க குளிர் அது.

இவ்வளவு குளிரில் எந்தப் பொருளும் உறைந்து கட்டியாகிவிட வேண்டும் அன்றோ? வெள்ளியும் ஈயமும் நம் வீட்டு வெப்பத்திலேயே கட்டியாக இருப்பவை. சோடியம், ருபிடியம் முதலிய உலோகங்களும் அத்தகையவையே. ஆயினும் ஆராய்ச்சியாளர் விரும்புவது கட்டியை அன்று. அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல், வாயு வடிவிலேயே தனித்தனியாக நின்று குளிர வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். இயற்கைக்கு மாறான வேண்டுகோள் போலவே தோன்றும். அதற்கு இடந்தருவதும், அதனைக் கெடுப்பதும் ஒன்றே. அதுவே அணுக்களின் மோதல்.

இவ்வேண்டுகோளின் தொடக்கம் வங்காளத்தில் இருக்கிறது. டாக்கா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்து வந்த சத்யேந்திரநாத் போஸ், 1924 ஜூன் திங்களில் பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதத்துடன் சிறு கட்டுரை ஒன்றை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 30. முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வந்த அக்கட்டுரையை ஐன்ஸ்டைன் படித்தார். அதன் பெருமையை உடனே உணர்ந்தார். தாமே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு ஆராய்ச்சி ஏடு ஒன்றில் வெளியிடச் செய்தார்.

போஸ் கண்ட புதுமை ஒளித்துகள்களை எண்ணும் முறையில் இருந்தது. இரண்டு கூடைகளும், சிவப்பும் நீலமுமாக இரண்டு பந்துகளும் இருப்பதாகக் கொள்க. பந்துகளைக் கூடைகளில் இடுவதற்கு நான்கு வழிகள் உண்டு: இரண்டும் முதற்கூடையில், இரண்டும் இரண்டாவதில், முதலதில் சிவப்பும் மற்றதில் நீலமும், முதலதில் நீலமும் மற்றதில் சிவப்பும். இவற்றுள் பந்துகள் ஒரே கூடையில் சேர்ந்திருக்கும் வழிகள் சரிபாதி. இனி, பந்துகள் இரண்டும் எவ்வகையாலும் வேறுபாடு காண இயலாதவை என்று கொண்டால் என்ன ஆகும்? கடைசி இரண்டு வழிகளும் ஒரே வழியாகிவிடும். மொத்தம் மூன்று வழிகள். அவற்றுள் சேர்ந்திருக்கும் வழிகள் இரண்டு. சரிபாதி என்பது மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்துவிட்டது! வேறுபாடு அற்ற துகள்கள் ஒரே நிலையில் கூடும் இயல்பு உடையவை என்பது இச்சிறு கணக்கிலிருந்தே புலனாகும். இவ்வியல்புள்ள துகள்களுக்குப் பின்னாளில் ஆங்கில அறிஞர் டிராக், போஸ் பெயரால் போசான் என்று பெயரிட்டார்.

ஒளித்துகளுக்குச் சொன்ன கணக்கை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கு ஏற்றிப் பார்த்தார். வாயு ஒன்றைப் போதிய அளவு குளிர்வித்தால், அதன் அணுக்களுள் பெரும்பகுதி திடீரென மிகத் தாழ்ந்த ஒரே நிலையில் வந்து குவியும் என்று கணக்குக் கூறிற்று. அணுவுக்கு அலையின் இயல்பும் உண்டு. குளிரக் குளிர அந்த அலை நீளும். பக்கத்து அணுக்களின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்கு அவை நீண்டுவிட்டால், அணுக்கள் தம் தனித்தன்மையை இழந்து ஒரே பேரலையாக நடக்கும். இந்நிலைக்குப் போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு என்று பெயர். கணக்கு 1925-இல் முடிந்துவிட்டது. ஆயினும் வாயுவில் இந்நிலையைக் கண்ணாரக் காண்பதற்கு 70 ஆண்டுகள் ஆயின. ஐன்ஸ்டைன் 1955-இலும் போஸ் 1974-இலும் மறைந்தனர். இருவரும் அதனைக் காணவில்லை.

இத்துணைக் காலம் ஆனமைக்குக் காரணம் யாது? தக்க குளிரை உண்டாக்கும் வழி தெரியாமையே முதற்காரணம். குளிர்ந்த சுவரையுடைய பாத்திரத்தில் வாயுவை அடைத்தால், அணுக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும், வாயு மறைந்துவிடும். ஆகவே 1970களில் ஆராய்ச்சியாளர் ஹைட்ரஜனை நாடினர். அணுக்களுள் மிக இலேசானது அது. ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம் எனலாம். எல்லாக் காந்தங்களையும் ஒரே திசை நோக்கி நிறுத்திவிட்டால் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து மூலக்கூறு ஆவதில்லை. எவ்வளவு குளிர்ந்தாலும் வாயுவாகவே நிற்கும். ஆம்ஸ்டர்டாம் நகரில் சில்வெராவும் வால்ராவனும் 1980-இல் இதனைச் செய்து காட்டினர். அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் டேனியல் கிளெப்னரும் தாமஸ் கிரேட்டாக்கும் இதே வழியில் உழைத்தனர். திரவ ஹீலியம் பூசிய சுவர்களுக்குள் ஹைட்ரஜனை அடைத்துக் குளிர்வித்தனர். ஓர் அளவுக்குக் கீழே சென்றதும் அணுக்கள் அச்சுவரிலும் படிந்தன. படிந்தவை ஒன்றோடொன்று இணைந்தன. இணையும்போது வெளிப்பட்ட வெப்பம், அரும்பாடுபட்டு உண்டாக்கிய குளிரைக் கெடுத்தது. நெருக்கிச் சேர்த்தாலோ மூன்று அணுக்கள் ஒருங்கே மோதி, இரண்டு இணைந்துவிடும். குளிர் வேண்டும், நெருக்கமும் வேண்டும், நெருக்கினால் அழிவு. இச்சிக்கலில் ஆண்டுகள் பல கழிந்தன.

இதற்கிடையே வேறு சிலர், சுவரே இல்லாமல் ஒளியைக் கொண்டு அணுக்களை அடக்கும் முயற்சியில் இறங்கினர். ஒளி பொருளைச் சுடவைக்கும் என்பதையே உலகம் அறியும். அதனால் குளிர்விப்பது எங்ஙனம்? நிலையத்தை நோக்கி விரைந்து வரும் புகைவண்டியின் ஊதல் ஒலி, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் ஊதலைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் கேட்கும். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. அணு ஏற்றுக்கொள்ளும் நிறத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த அதிர்வுடைய லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அசையாத அணு அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒளியை எதிர்த்து விரைந்து வரும் அணுவுக்கோ அவ்வொளி ஏற்ற சுருதியுடையதாகத் தோன்றும். அது ஒளித்துகளை ஏற்கும். ஏற்கும்போது எதிர்ப்புறமாக ஒரு சிறு தள்ளு வாங்கும். அடுப்பிலிருந்து வெளிப்படும் சோடியம் அணு, வினாடிக்கு 1,000 மீட்டர் அளவில் விரையக்கூடும். ஓர் ஒளித்துகள் அவ்விரைவில் குறைப்பது 3 சென்டிமீட்டரே. எனவே, 30,000-க்கு மேற்பட்ட தள்ளுகள் வேண்டும். ஆயினும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சூவும் அவருடைய தோழர்களும் 1985-இல் ஆறு புறமிருந்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சினர். நடுவில் அகப்பட்ட சோடியம் அணுக்கள், வெல்லப்பாகில் விழுந்த ஈயைப்போல் எப்பக்கமும் விரைய இயலாமல் தடுமாறின. அதனால் அவ்வமைப்புக்குப் பாகு என்றே பெயர் வைத்தனர். அங்கே எட்டிய குளிர், ஒரு கெல்வினில் பத்து இலட்சத்தில் 240 பங்கு. கணக்குப்படி இம்முறையின் எல்லை அதுவே. ஆனால், 1988-இல் வில்லியம் பிலிப்ஸ் குழுவினர் அளந்தபோது 40 பங்கே இருந்தது! ஆய்வுக்கூடத்தில் கணக்குச் சொன்னதைவிடக் கெடுதலாக நிகழ்வதே வழக்கம். கணக்கை மிஞ்சி நன்மை விளைவது மிக அரிது. பிலிப்ஸ் பலவகையாலும் அளந்து பார்த்தே அதனை நம்பினார். அதன் காரணத்தைப் பாரிஸ் நகரத்துக் கோஹன்-தனூஜி முதலியோர் விளக்கினர். சூ, பிலிப்ஸ், கோஹன்-தனூஜி ஆகிய மூவருக்கும் 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும், லேசரால் மட்டும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிவை எட்ட முடியவில்லை. ஒளித்துகளை ஏற்கும் அணு அதனை மீண்டும் உமிழவும் வேண்டும். உமிழும் ஒவ்வொரு முறையும் அணு சற்றே எற்றுண்டு அசையும். அடர்த்தி, குளிர் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேண்டிய அளவுக்கு இன்னும் இலட்சம் மடங்குக்கு மேல் குறைவு இருந்தது. மேலும் குளிர்விப்பதற்குக் கிடைத்த வழி, நம் வீடுகளில் மிகப் பழங்காலந்தொட்டு வழங்கி வருவதே ஆகும்.

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது ஏன்? பானையின் நுண்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகி ஓடுபவை எல்லா மூலக்கூறுகளும் அல்ல. விரைவு மிக்கவையே ஓடுகின்றன. விரைந்தவை போய்விட்டால் எஞ்சியவற்றின் சராசரி விரைவு குறையும், தண்ணீர் குளிரும். அணுக்களையும் இவ்வாறே குளிர்விக்கலாம் என்று கிளெப்னர் குழுவைச் சேர்ந்த ஹரால்ட் ஹெஸ் 1986-இல் எடுத்துக் கூறினார். லேசரை அணைத்துவிட்டு, காந்தப்புலத்தால் அமைத்த கண்ணுக்குத் தெரியாத கிண்ணத்தில் அணுக்களை நிறுத்துவர். விரைந்த அணுக்களே கிண்ணத்தின் விளிம்பு வரை ஏறும். ஏறியவற்றை வெளியே தள்ளிவிடுவர். பிறகு விளிம்பைச் சிறிது தாழ்த்துவர். மேலும் சில வெளியேறும். இவ்வாறு தாழ்த்தத் தாழ்த்த உள்ளே இருப்பவை குளிர்ந்துகொண்டே போகும்.

இங்கேதான் மோதல் இன்றியமையாததாகிறது. விரைந்த அணுக்கள் ஒருமுறை போய்விட்டபின், எஞ்சியவற்றிலிருந்து புதிதாகச் சில விரைந்த அணுக்கள் தோன்ற வேண்டும். இன்றேல் ஆவியாதல் அத்துடன் நின்றுவிடும். அவை எவ்வாறு தோன்றும்? கோலிக்குண்டுகள் இரண்டு மோதினால் ஒன்று விரைவை இழக்க, மற்றொன்று அதனைப் பெறும். அவ்வாறே அணுக்கள் இரண்டிரண்டாக மோதி விரைவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெற்றது வெளியேறும், இழந்தது தங்கும். ஆகவே இரண்டு அணுக்களின் மோதல் குளிரைத் தருகிறது. மூன்று அணுக்கள் ஒரே சமயத்தில் ஓரிடத்தில் சந்திப்பதோ அழிவைத் தருகிறது. இரண்டு அணுக்கள் பிணைந்து மூலக்கூறாகி, வெளிப்படும் ஆற்றலை மூன்றாவதன்மேல் ஏற்றிவிட, மூன்றும் கிண்ணத்தை விட்டு எகிறிவிடும். உலோக அணுக்கள் கட்டியாவதற்கு முதற்படி இதுவே. எனவே வாயு உயிர்வாழ்வது ஒரு பந்தயத்தைப் பொறுத்தது. மூவர் சந்திப்பு நேர்வதற்குள் இருவர் சந்திப்புகள் போதிய அளவு நடந்து முடிய வேண்டும். இதற்காகவே வாயுவைக் காற்றைவிட இலட்சம் மடங்குக்கு மேல் மெலிந்ததாக வைத்திருக்கின்றனர். அவ்வளவு மெலிந்த இடத்தில் இருவர் சந்திப்பது உண்டு. மூவர் சந்திப்பது அரிது.

ஹைட்ரஜன் இப்பந்தயத்தில் பின்தங்கியது. ஹைட்ரஜன் அணுக்கள் கடுங்குளிரில் ஒன்றையொன்று பெரும்பாலும் தொடாமலே சென்றுவிடுகின்றன. ருபிடியம் அணுக்களோ அவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு எளிதாக மோதிக்கொள்பவை. கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் ஜைலா என்னும் ஆய்வுக்கூடத்தில் எரிக் கார்னெலும் கார்ல் வைமனும் ருபிடியத்தைத் தேர்ந்தெடுத்தது இதனாலேயே. ருபிடியம் கட்டியாகிவிடும் இயல்பு மிக்கது. அதில் செறிவு கிடைக்குமா என்று ஐயுற்றவர் பலர். குறுந்தகட்டுக் கருவிகளில் அமையும் வகையைச் சார்ந்த மலிவான சிறு லேசர்களைக் கொண்டே அவர்கள் பணியைத் தொடங்கினர். காந்தக் கிண்ணத்தின் அடியில், காந்தப்புலம் இல்லாத ஒரு புள்ளி உண்டு. மிகக் குளிர்ந்த அணுக்கள் அங்கே வந்து, தம் காந்தத் திசையை மறந்து ஒழுகிவிடும். ஓட்டைப் பானையில் நீர் பிடித்த கதைதான். கார்னெல் அக்கிண்ணத்தை மிக விரைவாகச் சுழற்றினார். ஓட்டை ஓரிடத்தில் நில்லாமையால் அணுக்கள் அதனை எட்டவே இயலவில்லை.

1995 ஜூன் 5-ஆம் நாள் அச்செறிவு தோன்றியது. வெப்பநிலை 170 நானோகெல்வின். செறிவில் சேர்ந்த அணுக்கள் ஏறத்தாழ 2,000. அது 15 வினாடிகளுக்கு மேல் நிலைத்தது. சாதாரண வெப்பத்தில் வினாடிக்கு 300 மீட்டர் அளவில் விரையும் ருபிடியம் அணு, அக்குளிரில் வினாடிக்கு ஏழு மில்லிமீட்டர் அளவே நகரும். எறும்பு அதனை எளிதில் முந்திவிடும். அதன் அலையோ, அணுவின் பருமனைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நீண்டிருக்கும். சில திங்கள்களில் மாசசூசெட்ஸ் நிலையத்தில் வூல்ப்காங் கெட்டர்லே சோடியத்தில் இதனையே பேரளவில் செய்து காட்டினார். இம்மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர். கிளெப்னரும் கிரேட்டாக்கும் 1998-இல் ஹைட்ரஜனிலும் செறிவை எட்டினர். வைமன் இளமையில் கிளெப்னரின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்; பிலிப்ஸ் அவருடைய மாணவர். ஆசிரியர் தொடங்கிய ஓட்டத்தில் மாணவர் முந்தினர். ஆசிரியர் அதனால் ஓட்டத்தைக் கைவிடாமல் இறுதிவரை ஓடி முடித்தார்.

எல்லா அணுக்களும் போசான்கள் அல்ல. ஒரு கூடைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்னும் விதிக்கு உட்பட்டவையும் உண்டு. அவற்றைப் பெர்மியான் என்பர். மின்னணுக்கள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. உலோகத்தில் மின்சாரம் பாய்வதும், சிலவற்றில் தடையே இன்றிப் பாய்வதும் அவற்றின் கூட்டு நடத்தையே. எனவே பெர்மியான் அணுக்களின் வாயுவைக் குளிர்வித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர் ஆவல் கொண்டனர். ஆனால் ஒரு தடை குறுக்கிட்டது. கடுங்குளிரில் அணுக்கள் நேருக்கு நேராக மட்டுமே மோத இயலும். ஓரமாக உரசி மோதுவதற்கு வேண்டிய விரைவு அவற்றிடம் இராது. ஒரே நிலையிலுள்ள பெர்மியான்கள் இரண்டு நேருக்கு நேர் வந்து ஓரிடத்தில் சந்திப்பதையோ அவ்விதி தடுத்துவிடுகிறது. ஆதலால் அவை மோதுவதே இல்லை. மோதல் இல்லையேல் பகிர்வு இல்லை. பகிர்வு இல்லையேல் குளிரும் இல்லை. மண்பானை முறை அங்கே பலிக்கவில்லை.

இத்தடையைக் கடந்தவர் டெபோரா ஜின் என்னும் அம்மையார். ஜைலாவில் பணியாற்றிய அவர், பொட்டாசியம் அணுக்களுள் பெர்மியான் வகையைத் தேர்ந்துகொண்டார். எல்லா அணுக்களையும் ஒரே காந்த நிலையில் வைக்காமல், ஒரு பகுதியை ஒரு நிலையிலும் மற்றொரு பகுதியை வேறு நிலையிலும் வைத்தார். நிலை வேறாயினமையால் முதற்பகுதி அணுவும் இரண்டாம் பகுதி அணுவும் தம்முள் மோதுவதற்குத் தடை நீங்கிற்று. ஒருபுறம் உள்ளவை மறுபுறத்தவற்றோடு விரைவைப் பகிர்ந்துகொண்டு இரண்டும் சேர்ந்து குளிர்ந்தன. அவரும் பிரயன் டிமார்க்கோ என்னும் மாணவரும் 1999-இல் இவ்வெற்றியை அறிவித்தனர். பெர்மியான்களை இணையிணையாகச் சேர்த்து, அவ்விணைகள் ஒரே நிலையில் செறிவதையும் ஜின் குழுவினர் 2004-இல் வெளியிட்டனர். 2016-இல், 47-ஆம் வயதில் அவர் காலமானார்.

மோதலுக்காகக் காத்திருந்த காலம் போய், மோதலையே விரும்பியபடி மாற்றும் காலமும் வந்தது. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது, அவை ஒரு மூலக்கூறாகக் கூடுவதற்கு ஏற்ற ஆற்றல் நிலை ஒன்று பக்கத்தில் இருக்கக்கூடும். காந்தப்புலத்தைச் சிறிது மாற்றினால் அந்நிலை மேலோ கீழோ நகரும். அது மோதும் அணுக்களின் ஆற்றலோடு சரியாகப் பொருந்தும் இடத்தில் மோதலின் வலிமை மிகப் பெரிதாகிவிடும். அவ்விடத்தின் ஒருபுறம் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும், மறுபுறம் ஈர்க்கும். வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பி நிலையத்தைப் பிடிப்பது போன்றது இது. அணுக்கருவை ஆராய்ந்த ஹெர்மன் பெஷ்பாக் என்பவர் பெயரால் இது பெஷ்பாக் ஒத்ததிர்வு எனப்படுகிறது. கெட்டர்லே குழுவினர் 1998-இல் சோடியச் செறிவில் இதனைக் கண்டனர்.

ஜைலாவில் 2001-இல் நடந்த ஓர் ஆய்வு இவ்வாற்றலின் விளைவைக் காட்டியது. ருபிடியத்தில் 85 என்னும் எடையுள்ள ஒருவகை அணு உண்டு. அவ்வணுக்கள் இயல்பாக ஒன்றையொன்று ஈர்ப்பவை. காந்தப்புலத்தால் அவற்றை விலக்குபவையாக மாற்றிச் செறிவை உண்டாக்கியிருந்தனர். பின்பு காந்தப்புலத்தைச் சட்டென்று மாற்றி ஈர்ப்பை மீட்டனர். செறிவு சில ஆயிரத்திலொரு வினாடி பொறுத்தது. பிறகு தன்னுள்ளே இடிந்து சுருங்கிற்று. உடனே அணுக்கள் வெடித்துப் புறப்பட்டன. நடுவில் ஒரு சிறு கரு மட்டும் எஞ்சியது. பெருவிண்மீன் ஒன்று தன்னுள் இடிந்து வெடிப்பதைப்போல் இருந்தமையால் ‘போசநோவா’ என்று அதற்கு விளையாட்டாகப் பெயரிட்டனர். வெடித்துச் சிதறியவற்றையும் எஞ்சியவற்றையும் கூட்டினால் முதலில் இருந்த தொகை வரவில்லை. அணுக்களில் ஒரு பகுதி கணக்கில் அகப்படாமலே போயிற்று. நானோகெல்வின் குளிரில் நடந்த வெடிப்பு அது!

காலத்தை அளப்பதிலும் இம்மோதல்கள் தலையிடுகின்றன. 1967 முதல் ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்வதற்கு ஆகும் நேரம் என்று உலகம் ஒப்புக்கொண்டுள்ளது. லேசரால் குளிர்வித்த சீசியம் அணுக்களை நீரூற்றுப்போல் மேலெறிந்து, அவை ஏறி இறங்கும்போது அவ்வதிர்வை எண்ணும் கடிகாரங்கள் உண்டு. மெல்ல நகரும் அணுவை நீண்ட நேரம் நோக்கலாம் என்பது குளிரின் பயன். ஆனால் குளிர்ந்த சீசியம் அணுக்கள் மிக வன்மையாக மோதிக்கொள்பவை; ஒவ்வொரு மோதலும் அதிர்வின் எண்ணிக்கையைச் சிறிது பிறழச் செய்கிறது. ஆகையால் கடிகாரம் அமைப்போர், அணுக்களின் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் எண்ணிப் பார்த்து, அணுவே மோதாத நிலையில் எண்ணிக்கை எவ்வளவாகும் என்று கணித்துக் கழிக்கின்றனர்.

இம்மோதல் மிகுதியால் சீசியத்தில் செறிவை உண்டாக்குவதும் நெடுங்காலம் கைகூடவில்லை. காந்தக் கிண்ணத்தில் இட்ட அணுக்கள் மோதித் தம் காந்த நிலையை மாற்றிக்கொண்டு வெளியே வீழ்ந்தன. ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்பிரக் நகரில் ருடால்ப் கிரிம் குழுவினர் காந்தக் கிண்ணத்தைக் கைவிட்டு, ஒளியாலேயே கிண்ணம் அமைத்தனர். அதனுள் அணுக்களை, வேறெந்த நிலைக்கும் இறங்க இடமில்லாத மிகத் தாழ்ந்த நிலையில் வைத்தனர். காந்தப்புலத்தை மோதலைத் திருத்துவதற்கு மட்டும் பயன்படுத்தினர். சீசியம் 2002-இல் செறிந்தது.

அதே ஆய்வுக்கூடத்தில் அதே சீசியம், பழைய ஒரு புதிரையும் விடுவித்தது. ருஷிய அறிஞர் விட்டாலி எபிமோவ் 1970-இல் ஒரு வியத்தகு கணக்கை வெளியிட்டிருந்தார். இரண்டு அணுக்கள் தம்முள் பிணைய இயலாத நிலையிலும் மூன்று அணுக்கள் சேர்ந்தால் பிணைந்து நிற்கும் என்பது அக்கணக்கு. கழிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்தால் நில்லா. மூன்றைச் சாய்த்துக் கட்டினால் நிற்கும். அவற்றுள் ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் வீழும். அத்தகைய மும்மைகள், ஒன்றைவிட ஒன்று ஏறத்தாழ 22.7 மடங்கு பெரியனவாக வரிசையாய் அமையும் என்றும் அவர் கூறினார். பலர் அதனை நம்பவில்லை. கிரிம் குழுவினர் 2006-இல் சீசியம் வாயுவை 10 நானோகெல்வினுக்குக் குளிர்வித்துக் காந்தப்புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே சென்றனர். அணுக்கள் மும்மூன்றாக மோதிக் கிண்ணத்தை விட்டு ஓடும் தொகையை ஒவ்வோர் இடத்திலும் அளந்தனர். ஓரிடத்தில் மட்டும் அத்தொகை மிகுதியாக உயர்ந்து நின்றது. எபிமோவ் சொன்ன மும்மை அங்கே தோன்றியிருந்தது. வாயுவை அழிப்பது என்று எல்லோரும் அஞ்சி ஒதுக்கிய மூவர் மோதலே, 36 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கணக்குக்குச் சான்றாகியது.